பானட்டைத் திறந்து பிரஷ் எடுக்கப்போகிறவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரத்துப் பழைய கார்க்கார அன்பர்களுக்கு,



மார்கழிப் பனி விலகி வெயில் உறைக்கத் தொடங்கியதும் நம்மில் பலருக்குக் கை நமநமக்கிறது. போர்டிகோவில் நிற்கிற மாருதி 800, ஜென், அம்பாசிடர் எதுவானாலும் வெளிப் பெயிண்ட் பார்க்கும்படிதான் இருக்கிறது. பானட்டைத் தூக்கினால்தான் மனசு பொறுப்பதில்லை. ஆயிலும் புழுதியும் அப்பிக் கறுத்த ஃபயர்வால், பேட்டரி ட்ரேயைச் சுற்றிச் செதில் செதிலாகத் துரு, பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே பெயிண்ட் உரிந்து பல்லிளிக்கும் தகரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. தெரிந்த பட்டறையில் கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் இரவல் கேட்கிறோம். அவர்களும் ‘எடுத்துட்டுப் போங்க’ என்கிறார்கள்.

அந்தக் கன்னைப் பற்றித்தான் இந்த மடல். சொல்லவந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ரூம் வேலையை வீட்டிலேயே செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். ஹார்டனர் கலந்த டூ-கே பெயிண்டைக் கன்னில் ஊற்றி வீட்டு வாசலில் மட்டும் அடிக்காதீர்கள். இந்த வேலைக்கு ஓர் அங்குல பிரஷ் போதும்.

‘நம்மால் முடியாதா?’ என்று நம்மூரில் யாரிடமும் கேட்க முடியாது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றைப் பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டியவர் நம்மூர் கரிவரதன். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகி வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். நீங்கள் இரவல் கேட்கிற கம்ப்ரசர்கூட, 1960-இல் சிங்காநல்லூரில் தொடங்கிய எல்ஜி எக்விப்மென்ட்ஸ் செய்ததாக இருக்கலாம். ஆகவே திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகமெல்லாம் ஆசையின் அளவில்தான். அவினாசி ரோட்டில் 2015-இல் திறந்த ஜீடி கார் மியூசியத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்ஜின் ரூமும் கண்ணாடி மாதிரி மின்னவேண்டும் என்று ஏக்கம் வந்துவிடுகிறது. அங்கே நிற்பவை கண்காட்சி வண்டிகள். நம்முடையது தேங்காய் மூட்டை ஏற்றுகிற வண்டி, கல்யாணத்துக்கு ஆறு பேரை அடைத்துக்கொண்டு காங்கயம் போகிற வண்டி. அதன் உள்பக்கத்துக்கு மினுமினுப்பு வேண்டியதில்லை. துரு நிற்கவேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த பெயிண்டர் ஒருவர் இதைச் சுருக்கமாகக் கேட்டார்: “ஏனுங்க, பானட்ட மூடிப்போட்டா யாருங்க பாக்கப் போறாங்க?”

துருவை நிறுத்துவதில் பெயிண்டின் பங்கு கால்வாசிதான். மீதி முக்கால்வாசி கழுவுவதிலும் தேய்ப்பதிலும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு ட்ரேயைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்துக்கிடந்தால் அது கசிந்த ஆசிட்டின் வேலை. அதன்மேல் என்ன பெயிண்ட் அடித்தாலும் ஆறு மாசத்தில் அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். சமையலறையிலிருந்து ஆப்ப சோடாவை எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும். பொங்குவது நிற்கும் வரை திரும்பத் திரும்ப ஊற்றவேண்டும். நுரை அடங்கினால் ஆசிட் தீர்ந்தது என்று பொருள். இதைவிட மலிவான வைத்தியம் இந்த வேலை முழுக்கத் தேடினாலும் கிடையாது.

மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே பெயிண்ட் உரிந்திருப்பதற்குக் காரணம் வேறு. சாதாரண பிரேக் ஆயில் பெயிண்டைக் கரைத்துவிடும். அங்கே உரிந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. முதலில் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கசிவை நிறுத்துங்கள், அழகு பார்ப்பது அப்புறம். வைப்பருக்குக் கீழே இலை அடைத்துத் தண்ணீர் தேங்கும் இடத்தையும், சஸ்பென்ஷன் வந்து மாட்டுகிற ஸ்ட்ரட் டவரையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அது டிங்கர் வெல்டு வைக்கவேண்டிய இடம். பட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடிப்பது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. வளைவில் சக்கரத்தைத் தாங்குகிற இடம் அது.

அடுத்தது ஆயில் பிசுக்கு. பெட்ரோலில் நனைத்துத் துடைக்கிற பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. தயவுசெய்து வீட்டில் அதைச் செய்யவேண்டாம். டிகிரீசர் தெளித்து ஊறவிட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தாலே வந்துவிடும். ஆல்டர்நேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஏர் ஃபில்டர் வாய், ஃபியூஸ் பாக்ஸ் எல்லாவற்றையும் பாலித்தீன் கட்டி மூடிவிட்டுக் கழுவுங்கள். இங்கேதான் நம்மூருக்கே உரிய சிக்கல் ஒன்று வருகிறது. நம்மில் பெரும்பாலோர் காரைக் கழுவுவது போர்வெல் தண்ணீரில். அது உப்புத்தண்ணி. கழுவிக் காயவிட்டால் கறுப்பு ரப்பர் ஹோஸ்மேல் வெள்ளைத் திட்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு தகரத்திலும் தங்கும், அதன்மேல் பெயிண்ட் ஏறும். பிறகு மழைக்காலத்து ஈரத்தைப் பெயிண்ட் வழியாகவே உள்ளே இழுத்துக் கொப்புளம் கட்டும். ஆகவே முதல் கழுவல் உப்புத்தண்ணியில் இருக்கட்டும். கடைசி அலசல் சிறுவாணியோ பில்லூரோ, வீட்டுக்கு வருகிற நல்ல தண்ணி ஒரு குடம். அதற்குமேல் வேண்டியதில்லை.

துடைப்பதற்கு நமக்கு வாய்த்திருப்பது பனியன் வேஸ்ட். திருப்பூருக்குப் பக்கத்தில் பிறந்த புண்ணியம், கிலோக் கணக்கில் கிடைக்கிறது. இந்த வேலைக்கு வெள்ளைத் துணியாகப் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். கலர்த் துணியைத் தின்னரில் நனைத்தால் சாயம் இறங்கி, நாம் தேய்த்துத் தேய்த்து எடுத்த தகரத்தில் இளஞ்சிவப்பாகக் கோடு போடும். டாஷ்போர்டு பாலிஷ் பட்ட துணியைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். அதிலிருக்கும் சிலிகான் ஒரு துளி பட்டாலும் அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும். பெயிண்டர்கள் அதை மீன் கண் என்பார்கள்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு உப்புத்தாள் போடும்போது தண்ணீர் தொட்டே தேயுங்கள். வாட்டர் பேப்பர் அதற்காகத்தான் இருக்கிறது. பழைய பெயிண்டில், முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருக்க நிறைய வாய்ப்புண்டு. 2017 நவம்பரிலிருந்து நம் நாட்டில் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். வரம்பு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த விதி வீட்டுச் சுவர்ப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான். கார் பெயிண்டை அது தொடுவதில்லை. காய்ந்த தூள் பறக்கிற இடத்தில் குழந்தைகள் விளையாடக் கூடாது. வேலை முடித்த கையோடு போய்ச் சாப்பிட உட்காரவும் கூடாது.

பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் செல்போனை எடுங்கள். இன்ஜின் ரூமை மூலை முடுக்கு விடாமல் படம் எடுத்து வையுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று மறக்காமலிருக்க ஒரு காரணம், விற்கிற நாளுக்கு இன்னொரு காரணம். நம்மூர் கார் புரோக்கர் வண்டியைப் பார்க்க வந்தால் சீட்டையா பார்க்கிறார்? பானட்டைத் தூக்கி, இன்ஜின் ரூமின் பக்கவாட்டுத் தகரமான ஏப்ரானைப் பார்க்கிறார். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டு புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா, சீலன்ட் கம்பெனிக் கோடா, கை வைத்த கோடா என்று விரலால் தடவுகிறார். புதுப் பெயிண்ட் வாசம் அடித்தால் ‘ஏப்ரான் அடி வாங்கியிருக்குங்களே’ என்று அங்கேயே விலையைக் கீழே தள்ளுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, இடித்த வண்டியை மறைக்கிறவர்கள் செய்வதும் இதைத்தான். அதனால் அந்தப் புள்ளிகளைப் பட்டி வைத்து வழவழப்பாக்காதீர்கள். குழிகள் குழிகளாகவே இருக்கட்டும். பழைய படங்கள் கையிலிருந்தால் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

சேஸிஸ் நம்பர் பஞ்ச் அடித்த இடத்தில் கம்பி பிரஷ்ஷும் போகக் கூடாது, பட்டியும் ஏறக் கூடாது. பல வண்டிகளில் அது இன்ஜின் ரூமுக்குள்தான் இருக்கிறது. சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்ததும், அதன்பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறையும் ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அந்த எண்ணின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். எழுத்து மழுங்கியிருந்தால் உங்கள் வண்டியை உங்கள் வண்டி என்று நிரூபிக்க நீங்கள் அலையவேண்டி வரும். அந்த இடத்தில் மெல்லிய ஒரே கோட்டிங், அதுவும் எண் பளிச்சென்று தெரியும்படி. கம்பெனி ஒட்டிய தகட்டின்மேல் டேப் ஒட்டிவிடுங்கள், கலர் கோடும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். உள்பக்கம் பழைய நிறத்தையே அடிப்பதானால் ஆர்.டி.ஓ. பக்கம் போகவேண்டியதில்லை. வெளி நிறத்தை மாற்றினால்தான் ஆர்.சி.யில் ஏற்றவேண்டும். 50 வருஷம் தாண்டிய வண்டி வைத்திருக்கிற பெரியவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, சேஸிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே பொருந்தும். பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதுசு அடிப்பது மாற்றத்தில் சேராது. வெட்டி ஒட்டுவது சேரும்.

எர்த் ஒயர் பாடியில் வந்து மாட்டுகிற போல்ட்டுகளை விட்டுவிடாதீர்கள். அங்கே தகரத்தோடு தகரம் ஒட்டவேண்டும். பெயிண்ட் ஏறினால் ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணும், ஹெட்லைட் மங்கும், நீங்கள் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். தண்ணீர் வடிகிற ஓட்டைகளையும் அடைத்துவிடக் கூடாது.

இனி பெயிண்ட். சுரண்டிய இடத்துக்கு மட்டும் துருத் தடுப்பு பிரைமர், அதன்மேல் சிந்தடிக் எனாமல், பிரஷ்ஷால் இரண்டு மெல்லிய கோட்டிங், நடுவே ஒரு நாள் காயவிடவேண்டும். ‘கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்டா?’ என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். ஆமாம், கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்தான். வெயிலிலும் மழையிலும் நிற்கிற இரும்பைக் காப்பாற்றுகிற பெயிண்ட் மூடிய பானட்டுக்குள் காப்பாற்றாதா? பிரஷ் கோடு கொஞ்சம் தெரியும், தெரியட்டும். பெயிண்ட் எங்கே போகவேண்டுமோ அங்கே மட்டும் போகும். ஹோஸ், ஒயர், கேபிள் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் பேப்பர் சுற்றி மறைக்கிற வேலை மிச்சம். நாளைக்கு ஒரு மூலையில் உரிந்தால் அந்த மூலைக்கு மட்டும் திரும்பத் தொட்டுக்கொள்ளலாம். கன்னில் அடித்த பெயிண்டுக்கு அந்த வசதி கிடையாது.

எனாமலிலும் குறையுண்டு. வெள்ளை எனாமல் இருட்டிலும் சூட்டிலும் மஞ்சளிக்கும், பானட்டுக்குள் அவை இரண்டும் உண்டு. மெட்டாலிக் சில்வருக்கு எனாமலில் ஜோடி சேராது. அப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் டப்பா ஸ்ப்ரே வாங்கலாம். டப்பாவில் டூ-கே என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போட்டிருந்தால் அதையும் அங்கேயே வைத்துவிடுங்கள். இன்னொன்று, எனாமல் அடித்த இடத்தின்மேல் பிறகு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டோ என்.சி. தின்னரோ படவே கூடாது. அடியிலுள்ளது ஊறிச் சுருங்கித் தோல் மாதிரி எழும்பும். சைலன்சர் மேனிபோல்டைத் தொடாதீர்கள். சாதாரணப் பெயிண்ட் அங்கே கருகிப் புகையத்தான் செய்யும், அதற்கென்றே சூடு தாங்கும் பெயிண்ட் தனியாக விற்கிறார்கள்.

ஆடியில் இந்த வேலையே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சிப் புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிவிட்டுப் போகும். ஐப்பசி மழையும் ஆகாது. தையும் மாசியும்தான் நமக்கு வாய்த்த காலம்.

எனாமல் துடைத்த பனியன் வேஸ்ட்டை மூலையில் குவித்து வைக்காதீர்கள். காய்கிற எண்ணெய்ப் பெயிண்ட் சூட்டை விடும், குவியலுக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். பிரித்துப் போட்டுக் காயவிடுங்கள். மீந்த தின்னரைச் சாக்கடையில் ஊற்றுவதும் வேண்டாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எதனால் என்று நமக்குத் தெரியும். நொய்யலுக்கு நம் பங்காக ஒரு லிட்டர் எதற்கு? மூடிவைத்துத் தெளியவிட்டால் மேலே நிற்பது பிரஷ் கழுவ உதவும்.

கன்னுக்கு வருகிறேன். டூ-கே பெயிண்ட் காய்ந்து கல்லாவது ஹார்டனரால். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984-இல் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட், இது அது இல்லை, ஆனால் அதே குடும்பம். பெயிண்டாகக் காய்ந்தபிறகு ஒன்றும் செய்யாது. கன்னிலிருந்து பனியாகப் பறக்கும்போது நுரையீரலுக்குள் போனால் பெரிய ஆபத்து. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். அந்த ஆஸ்துமா வாழ்நாள் முழுக்கக்கூட நிற்கும். பிரிட்டனில் தொழில் செய்யும் இடத்தில் வருகிற ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இதைப் பல வருஷங்களாகச் சொல்லிவருகிறார்கள். பாதிக்கப்படுகிறவர்களில் கார் பெயிண்டர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

கொரோனாவில் வாங்கிய என்-95 இருக்கிறதே என்பீர்கள். அது தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி ஃபில்டர் போட்ட மாஸ்க் கொஞ்ச நேரம் தடுக்கும். அந்த ஃபில்டர் எப்போது தீர்ந்தது என்று மூக்குக்குத் தெரியாது, ஏனென்றால் ஐசோசயனேட்டை நாம் முகர்ந்து உணரும் முன்பே அளவு மீறியிருக்கும். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் முகமூடியும், காற்றை இழுத்து வெளியேற்றும் பூத்தும் வேண்டும். நம் போர்டிகோவில் இருப்பது என்ன? பக்கத்தில் சமையலறை ஜன்னல், மாடியில் காய்கிற பக்கத்து வீட்டுத் துணி, திண்ணையில் ஏற்கெனவே இளைப்போடு உட்கார்ந்திருக்கிற அப்பத்தா. தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் பரவிக் கதவிடுக்கில் உள்ளே போகும். சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றுவார்கள். தீப்பிடிக்கக் கம்ப்ரசர் சுவிட்ச் போடுகிற பொறியே போதும்.

எனக்குப் பளபளப்புத்தான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், தப்பில்லை. ஆனால் வீட்டில் வேண்டாமென்ற புகையை அங்கே வேலை செய்கிற பையன் தலையில் ஏற்றிவிட்டு வந்தால் கணக்கு சரியாகிவிடாது. நம்மூர்ப் பட்டறைகளில் மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு டூ-கே அடிக்கிற பெயிண்டர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ரேட் கேட்பதற்கு முன்னால் பூத் இருக்கிறதா, காற்றுக் குழாய் முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருக்கிற பட்டறையில் விடுங்கள். அதற்காகக் கொஞ்சம் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப்போலவே ஒரு பழைய வண்டிக்காரன்,
பீளமேடு, கோவை.